ஆற்றில் விழுந்த குழந்தையும் அறிஞர் ஹால்டேனும்

தாய் தன் பிள்ளைக்காக உயிரையும் விடுவாள் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏன் விடுகிறாள் என்று வினவினால் பாசம் என்போம். அவ்வளவில் பேச்சு முடிந்துவிடும். அண்ணன் தம்பிக்காக வழக்கேறி நிற்பதும், தாய்மாமன் மருமகளின் கலியாணத்துக்குத் தன் வயற்காணியை ஈடு வைப்பதும் அவ்வாறே. பாசம் என்னும் சொல்லோடு அமையாது, அஃது உயிரினங்களிடையே எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நிலைபெற்றது, எத்துணைத் தூரம் செல்லும் என்று கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்த அறிஞர் ஒருவர் இருந்தார். ஆங்கில நாட்டிற் பிறந்து, இந்தியக் குடிமகனாய், ஒரிசா மாநிலத்துப் புவனேசுவரத்தில் உயிர் நீத்த அவர் பெயர் ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன். விஞ்ஞான மாணவர் அவர் பெயரை அறிவர். தமிழ் கற்போர் அவரைப் பற்றி அறிந்தது சிறிதே. ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஹால்டேன் 1892 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி ஒக்ஸ்போட் நகரிற் பிறந்தார். அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் காரைதீவில் நம் விபுலாநந்த அடிகளும் பிறந்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஓர் உவகை உண்டு. அடிகள் தமிழ்ப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். ஹால்டேனோ ஒக்ஸ்போட்டிற் கணிதமும் பின்னர்க் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் கற்றுத் தேறியவர். விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும் பெறாமலே உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானியானவர். இலக்கியமும் விஞ்ஞானமும் ஒரு மனத்தில் ஒருங்கு குடியிரா என்பார்க்கு இவ்விருவரையுமே விடையாகக் காட்டலாம்.

தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் சுவாசத்தை ஆராய்ந்த உடற்றொழிலியலாளர். நிலக்கரிச் சுரங்கங்களில் மனிதரைக் கொல்லும் வாயுக்கள் எவை என்று கண்டறிவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். கடலடியிலிருந்து மேலெழுவோர் படிப்படியாகத் தங்கித் தங்கி வரவேண்டும் என்னும் அட்டவணையை 1908 இல் வகுத்தவரும் அவரே. இன்று திருகோணமலைக் கடலிற் காற்றுக் கலம் முதுகிற் கட்டி இறங்குவோர் அம்முறையின் வழித்தோன்றல்களையே கைக்கொள்கின்றனர்.

இத்தந்தை தம் ஆய்வுகளுக்குத் தம்மையும், தம்மோடு தம் மகனையும் உட்படுத்தினார். சிறுவனைச் சுரங்கத்துள் அழைத்துச் சென்று, எரிவாயு தங்கும் மேற்பகுதியில் நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியரின் நாடகத்திலுள்ள அந்தோனியின் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது சொன்ன அளவில் மகன் கால் தளர்ந்து கீழே விழுந்தான். நிலத்தை அடுத்த காற்று நல்லதாதலின் அவனுக்கு மூச்சுத் திரும்பிற்று. அவ்வாயு காற்றினும் இலேசானது என்னும் பாடத்தை அம்மகன் பின்னர் மறந்தானல்லன். 13 ஆவது வயதில் ஸ்கொத்லாந்துக் கரையோரத்திற் சுழியோடும் உடையணிந்து கடலில் இறக்கப்பட்டான். வளர்ந்தோர்க்கென அமைந்த அவ்வுடையினுள் நீர் கசிந்து ஏறிற்று. நம்மூர்த் தாய்மார் இதைக் கேட்டால் அத்தந்தையை என்ன சொல்வார்களோ! ஆனால் மகனுக்குத் தந்தைமீது இறுதிவரை பெருமதிப்பே இருந்தது. பிறருக்கு நேரும் இடரைத் தன்னுடலில் முதலில் ஏற்றுப் பார்க்கும் வழக்கம் அவரோடு கூடவே வளர்ந்தது.

1939 ஜூன் மாதத்தில் தீற்றிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபோது, அவர்கள் எவ்வாறு இறந்திருத்தல் கூடும் என்பதை அறியத் தாமே இரும்பறையுள் அடைபட்டுக் காபனீரொட்சைட்டு மிகுந்த காற்றைச் சுவாசித்துப் பார்த்தவர் ஹால்டேன். தொடர்ந்து வந்த போர்க்காலச் சோதனைகளால் அவர் முதுகெலும்பு ஊறுபட்டது; அந்நோவு இறுதிவரை நீங்கவில்லை. மாண்டவர் எவரும் அவர்க்கு உறவினர் அல்லர். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

அவர்க்கு உடன்பிறந்தவர் ஒரே தங்கை. பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழெய்தி, 1999 வரை நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த நேயோமி மிச்சிசன் என்பார் அவரே. சிறுவயதில் அண்ணனும் தங்கையும் வீட்டிலே கினிப்பன்றிகளையும் எலிகளையும் வளர்த்து, மெண்டல் கண்ட பரம்பரை விதிகளைச் சோதித்து விளையாடினர். அவ்விளையாட்டு வீண்போகவில்லை. பாலூட்டிகளில் இரு பரம்பரையலகுகள் பிணைந்தே செல்லும் என்பதைக் காட்டிய கட்டுரையொன்று 1915 இல் ஹால்டேன், அவர் நண்பர் ஸ்பிரண்ட், தங்கை நேயோமி ஆகிய மூவர் பெயராலும் வெளிவந்தது. அது வெளிவருமுன்னரே ஸ்பிரண்ட் போர்க்களத்தில் இறந்துவிட்டார்.

ஹால்டேனும் அப்பொழுது போர்க்களத்திலேதான் இருந்தார். 1915 ஏப்பிரலில் ஜெர்மானியர் குளோரீன் நச்சுவாயுவை ஏவியபோது, அதனை ஆராயத் தந்தையார் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். மகனும் முன்னணியிலிருந்து அழைக்கப்பட்டார். ஓர் அறையில் நச்சுவாயுவை நிரப்பி, முகமூடி அணிந்தும் அணியாதும் இருவரும் மாறி மாறி உட்புகுந்து சோதித்தனர். பின்னர்ப் படைக்கு மீண்ட மகன் காயமுற்றார். மெசொப்பொத்தேமியாவில் மறுபடியும் காயமுற்று, ஆறுதல் பெறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டின் மீது அவர்க்கு அன்று பற்று ஏற்பட்டது. ஆளும் சாதியினன் என்ற நிலையில் அங்கு வாழ அவர் மனம் ஒப்பவில்லை.

போர் முடிந்தபின் ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் கற்பித்து, 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியரானார். 1924 தொடக்கம் பத்தாண்டுக் காலம் இயற்கைத் தேர்வைப் பற்றிய கணிதக் கட்டுரைகளை வரிசையாக எழுதினார். டார்வின் சொல்லால் விளக்கியதை எண்ணால் விளக்கியவர் மூவர்: ஹால்டேன், ஆர். ஏ. பிஷர், அமெரிக்கராகிய சூவல் றைற். ஓர் இயல்பு சிறிதளவு நன்மை தருமாயின் எத்தனை தலைமுறையில் அஃது இனம் முழுவதும் பரவும் என்பதை இவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். மலேரியா பரவிய நாடுகளிலே சில இரத்த நோய்கள் மிகுந்திருப்பதற்கு, அந்நோயின் பரம்பரையலகை ஒரு பாதி பெற்றோர் மலேரியாவுக்குத் தப்புதலே காரணமாகலாம் என்று 1940களின் இறுதியிற் கூறியவரும் ஹால்டேனே. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் வாடிய நம் நாட்டார்க்கு அது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இயற்கைத் தேர்வு என்பது வாழ்ந்து சந்ததி பெருக்குவதில் வல்லதையே தேர்கிறது. பிறர்க்காகத் தன்னை இழப்பவன் சந்ததி பெருக்காமலே மாய்கிறான். அங்ஙனமாயின் அவனுடைய அக்குணமும் அவனோடு மாய்ந்திருக்க வேண்டுமன்றோ? இத்தடை டார்வினுக்கே 1859 இல் தோன்றிற்று. எறும்புக் கூட்டத்தில் வேலைசெய்யும் எறும்புகள் முட்டையிட்டுச் சந்ததி பெருக்குவதில்லை; தாயாகிய அரசியின் மக்களையே வளர்க்கின்றன. நம் மாமரங்களில் இலைகளை இழுத்துப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறுகளைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டா. கிளையிற் கை வைத்தவனை உயிரைப் பொருட்படுத்தாது கடிக்கும் அம்முசுறுக்குப் பிள்ளை இல்லை. குடும்பத்தையே ஓர் அலகாகக் கொண்டால் இத்தடை நீங்கும் என்று டார்வின் கருதினார். ஆனால் அவர் காலத்திற் பரம்பரையலகு என்னும் கருத்து இல்லாமையால் மேலே செல்ல இயலவில்லை.

1932 இல் எழுதிய கூர்ப்பின் காரணங்கள் என்னும் நூலின் பின்னிணைப்பில் ஹால்டேன் இவ்வினாவைக் கணிதமாக்கினார். தன் மக்களும் நெருங்கிய உறவினரும் வாழும்படி ஒருவன் தன்னலத்தை விடுவானாயின், அதுவும் இயற்கைத் தேர்வு விரும்பும் தகுதியே என்பது அவர் கண்ட முடிவு. 1955 இல் பொதுமக்களுக்கென எழுதிய கட்டுரையொன்றில் அதனையே எளிய உவமையால் விளக்கினார். அவ்வுவமையைச் சற்று விரித்துரைக்கின்றேன்.

வெள்ளம் பெருகிய ஆற்றில் ஒரு குழந்தை விழுகிறது. கரையில் இருவர் நிற்கின்றனர். ஒருவனிடத்தில் குழந்தையைக் காக்கப் பாயச் செய்யும் அரிய பரம்பரையலகொன்று உளது, மற்றவனிடத்தில் இல்லை. பாய்பவன் மூழ்கி இறக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என வைத்துக்கொள்வோம். குழந்தை அவனுடைய மகவாகவோ உடன்பிறப்பாகவோ இருப்பின், அதனிடத்தும் அவ்வலகு இருக்கப் பாதி வாய்ப்புண்டு. ஆகவே பத்து முறை பாய்ந்தால் ஓர் அலகு அழியும். காப்பாற்றப்பட்ட பத்துக் குழந்தைகளில் ஐந்து அலகுகள் பிழைக்கும். இழப்பு ஒன்று, பேறு ஐந்து. குழந்தை பேரப்பிள்ளையோ, உடன்பிறந்தாரின் பிள்ளையோ ஆயின் பங்கு நாலிலொன்று, பேறு இரண்டரை. மாமன் மகனோ சிற்றப்பன் மகனோ ஆயின் எட்டிலொன்று. பேறு ஒன்றேகால், நன்மை மிகச் சிறிது. அவ்வுறவினரின் பிள்ளையாயின் பதினாறிலொன்று. ஈண்டுப் பேற்றிலும் இழப்பே மிகுகிறது.

இக்கணக்கில் தமிழாசிரியனாகிய என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. நம் உறவுமுறைச் சொற்கள் சிற்றப்பன் மகனைத் தம்பி என்கின்றன. மாமன் மகனை மச்சான் என்கின்றன. ஒருவன் உடன்பிறப்பு, மற்றவன் கொண்டுகொடுக்கத் தக்கவன். பரம்பரையலகின் கணக்கோ இருவரையும் எட்டிலொன்று என்று ஒரே நிறையில் நிறுக்கிறது. சமுதாயம் வகுத்த உறவு வேறு, குருதி வகுத்த உறவு வேறு என்பதற்கு நம் மொழியைக் காட்டிலும் தெளிவான சான்று வேறெங்குக் கிடைக்கும்?

எறும்புக்குக் கணக்குத் தெரியுமா ஐயா என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல வினா. எறும்புக்குந் தெரியாது, மனிதனுக்குந் தெரியாது. ஹால்டேனே அக்கட்டுரையில் இதைக் கூறாது விடவில்லை. நீரில் அமிழ இருந்தவர்களைத் தாம் இருமுறை இழுத்துக் கரை சேர்த்ததுண்டு என்றும், அப்பொழுது கணக்குப் பார்க்க நேரமிருக்கவில்லை என்றும் அவர் எழுதினார். ஆதிமனிதரும் கணக்குப் பார்த்திரார். பழங்காலத்திற் சிறு சிறு கூட்டங்களாய் மக்கள் வாழ்ந்தபொழுது ஆற்றில் விழும் குழந்தை பெரும்பாலும் உறவுக் குழந்தையாகவே இருந்திருக்கும். எந்தக் குழந்தை விழுந்தாலும் பாய்க என்னும் இயல்பு அங்கே பரவியிருத்தல் கூடும் என்பதே அவர் கருத்து.

2004 டிசம்பர் 26 இற் கொட்டியாரக் குடாவின் கரையூர்களுட் கடல் புகுந்தபோது, கைக்கு எட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார் பிள்ளை என்று பார்க்கவில்லை. ஊர் என்பதே ஒரு காலத்தில் உறவு என்பதன் மறுபெயராய் இருந்தமையால் அவ்வியல்பு நம்மிடம் எஞ்சிற்று என்று ஹால்டேன் வழி நின்று கூறலாம். அவ்விளக்கம் ஓடியவரின் சிறப்பைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறைக்கும் என்று வாதிடுவோர் எங்கள் பண்டிதர் குழாத்திற் பலர் உளர். அவர்களோடு நான் பல மாலைகள் வாதாடியிருக்கின்றேன்.

ஆயினும் அக்கணக்கு எல்லாவற்றையும் அளந்துவிடாது. எங்கள் தோப்பூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மூதூரிலே, ஒரு புளியமரம் நின்ற இடத்தை இன்றும் நினைவிடமாகக் காட்டுவர். 1660 இல் ஆன் என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் அப்பக்கத்திற் பிடிபட்டனர். திசாவையின் கட்டளைப்படி மகன் கப்பலுக்குத் திரும்பச் செய்தி கொண்டு அனுப்பப்பட்டான். அவனுக்கு வயது 19. கப்பலில் ஏறியபின் அவனை மீளக் கொணர்வார் எவருமில்லை. ஆனால் தன்னை இந்நிலையில் விட்டுப் போகாதே என்று தந்தை வேண்டியிருந்தார், மகன் வாக்களித்திருந்தான். கப்பலாரை எச்சரித்துவிட்டு மறுநாள் அவன் கரைக்கு மீண்டான். தந்தை அடுத்த ஆண்டே கண்டி நாட்டில் நோயால் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து 1679 இல் தப்பினார். தந்தைக்கும் மகனுக்கும் பங்கு பாதி என்பது உண்மையே. ஆனால் மனைவியை இழந்த முதியவர்க்கு இனிச் சந்ததி உண்டாவது அரிது. இளைஞனுக்கோ வாழ்வு முழுதும் முன்னே கிடந்தது. கணக்கின்படி அவன் கப்பலேறிச் சென்றிருக்க வேண்டும். தந்தை சொற்காத்துக் காடேகியவன் கதையைக் கற்பிக்கும் நமக்கு அவன் மீண்டது வியப்பன்று. கூர்ப்புக் கொள்கையினர்க்கு அது விடுகதையே.

ஹால்டேனைப் பற்றி இன்னொரு கதையும் வழங்குகிறது. மதுச்சாலை ஒன்றில், உடன்பிறந்தார் ஒருவருக்காக உயிர் கொடுப்பீரா என்று கேட்டபோது, தாளொன்றிற் கணக்கிட்டுவிட்டு, இரு சகோதரர்க்கோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்க்கோ ஆயின் கொடுப்பேன் என்றாராம். அவர் மாணவர் ஜோன் மேனாட் ஸ்மித் 1970களில் இதனை எழுதினார், டபிள்யூ. டி. ஹமில்ற்றன் அதனை ஐயுற்று மறுத்தார். ஹமில்ற்றன் மறுத்தமைக்குக் காரணம் இருந்தது. ஹால்டேன் உவமையளவில் விட்டதை முழுக் கொள்கையாக வளர்த்தவர் அவரே. இலண்டனில் தனிமையில் வாடிய ஆய்வு மாணவராய், சிலபொழுது வாட்டர்லூ இரயில் நிலையத்து வாங்கில் அமர்ந்து அவர் எழுதிய இரு கட்டுரைகள் 1964 இல் வெளிவந்தன. உறவின் பங்கை உதவியின் பயனாற் பெருக்கிய தொகை, உதவுவோன் இழப்பிலும் மிகுமாயின் அவ்வியல்பு பரவும் என்பது அவர் விதி. எறும்பு, தேனீ இனங்களில் ஆண் கருக்கட்டாத முட்டையிலிருந்து தோன்றுவதால், ஒரு தந்தையின் புதல்வியரிடை உறவு முக்காலாகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கறையான்களிடத்தில் அம்முறை இல்லாதிருந்தும் கூட்டுவாழ்வு உண்டாதலின் அஃதொன்றே காரணமாகாது என்பர் இக்காலத்தார். உறவுத் தேர்வு என்னும் பெயரை அதே 1964 இல் இட்டவர் மேனாட் ஸ்மித். புகழ் எவர்க்குரியது என்ற கசப்பு இருவரிடையும் நெடுநாள் நீடித்தது. உறவையும் விட்டுக்கொடுத்தலையும் ஆராய்ந்தோரிடையே இப்பூசல் நேர்ந்ததை என்னென்பது!

ஹால்டேனின் அரசியலைச் சுருங்கக் கூறி மேற்செல்கிறேன். 1942 இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். கட்சிப் பத்திரிகையில் தொழிலாளர்க்கு விளங்கும்படி நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பார் பரம்பரையியலையே பொய்யென்று தள்ளி, அத்துறை அறிஞரை வருத்தியபோது, ஹால்டேன் உரிய காலத்தில் உரத்துக் கண்டிக்கவில்லை. 1950 அளவிற் கட்சியைவிட்டு விலகினார். உண்மைக்காகத் தம் முதுகெலும்பையே ஈந்தவர் இவ்வொரு பொருளில் நா அடங்கியிருந்தமை அவர் சரிதத்தின் குறையே என்பது என் துணிபு.

1957 இல் தம் மனைவியாராகிய உயிரியலறிஞர் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவை அடைந்து, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிலையத்திற் சேர்ந்தார். சுயெஸ் கால்வாய்ப் போரில் பிரித்தானியா செய்த அநீதியைக் காரணமாகக் காட்டினார். அறுபதாண்டு காலுறை அணிந்தது போதும் என்று வேடிக்கையாகவும் ஒரு காரணம் கூறினார். குர்த்தாவும் வேட்டியும் உடுத்தார், புலால் விடுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இந்திய மாணவரைக் கண்ணும் கணக்கும் கொண்டு ஆராயுமாறு ஏவினார். எஸ். கே. ராய் பவழமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணினார். டி. ஏ. டேவிஸ் தென்னையின் ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை ஆராய்ந்தார். எஸ். டி. ஜயகார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கூடி ஆட்காட்டிப் பறவையின் கூட்டைக் காத்திருந்து நோக்கினார். ஆள் நெருங்குகையில் தானே கூவித் தன்மேற் கவனத்தை ஈர்த்துக் குஞ்சைக் காக்கும் ஆட்காட்டியை வயல்வெளிகளிற் காணாதார் இலர். ஆந்திர நாட்டினராகிய கிருஷ்ணா துரோணம்ராஜு, அங்கு வழங்கும் மாமன்-மருமகள் மணத்தையும் மச்சான்-மச்சாள் மணத்தையும் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். உறவைக் கணக்கிட்டவர்க்கு இந்நாடு வாய்ப்பான களமாயிற்று.

நிலையத் தலைவரோடு பிணங்கி 1961 இல் அங்கிருந்து விலகினார். யாரிடத்தும் எளிதில் இணங்கிப்போகாத குணம் அவரது. 1962 இல் ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்திற் பரம்பரையியல் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். சொந்தப் பிள்ளைகள் அவர்க்கு இல்லை. மாணவர்களே அவரைச் சூழ்ந்திருந்தனர். அவருடைய கணக்கிலே அவர்கள் ஒவ்வொருவரது பங்கும் பூச்சியம்.

1963 இறுதியில் அவர்க்குப் புற்றுநோய் கண்டது. இலண்டனிற் சத்திரசிகிச்சை பெற்றுப் படுத்திருக்கையில் அந்நோயையே நகையாடி ஒரு பாட்டெழுதி 1964 பெப்ருவரியில் வெளியிட்டார். நோய்க்குறி கண்டவர் நாணத்தால் மறைக்காது காலத்தோடு வைத்தியரை நாடவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனை நாகரிகமன்று என முகஞ்சுளித்தோரும் உளர். தம் மரணச் செய்தியையும் தாமே பேசி பி.பி.சி. வானொலியாரிடம் பதிவு செய்து வைத்தார். நோய் மீண்டும் பரவிற்று. ஹமில்ற்றனின் கட்டுரைகள் வெளியான அதே ஆண்டு, 1964 டிசம்பர் 1 ஆந் திகதி, புவனேசுவரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி உடல் எரிக்கப்படவுமில்லை, புதைக்கப்படவுமில்லை; மருத்துவ மாணவர் அறுத்துக் கற்கும்பொருட்டு ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டது.